ஒரு துயரக் காட்சி, அதை எழுதச் சில வழிகள்

கனமான ஒரு காட்சியை எழுத உட்காரும்போது முதலில் எடுக்க வேண்டிய முடிவு, அதை எந்த வழியில் சொல்வது என்பது. மகன் இறந்த செய்தி ஒரு வீட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நேராகச் சொல்லலாம். வீட்டிலுள்ள பொருள்களையும் ஆட்களின் வேலைகளையும் மட்டும் எழுதி, மிச்சத்தை வாசகரிடம் விடலாம். இரண்டு பேரைப் பேசவிடலாம். ஒரு பிள்ளையின் கண்ணால் பார்க்கலாம். வெறும் அறிவித்தலாக எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். இந்த வழிகள் எல்லாவற்றிலும் நல்ல கதைகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் கதைகள் கெட்டும் போயிருக்கின்றன. அதனால் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. ஒரே சம்பவத்தை ஒவ்வொரு வழியிலும் எழுதிப் பார்த்தால்தான் எது எங்கே உதவும் என்று தெரியவரும்.

நான் எடுத்துக்கொள்ளும் சம்பவம் கொழும்புத் தமிழ் வீடுகளுக்குப் பழக்கமானது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கை. அதில் ஒரு தொடர்மாடி, மூன்றாம் மாடியில் வீடு. எண்பதை நெருங்கும் அம்மா, இருதய நோயாளி. அவரோடு மகள் சுதாவும், சுதாவின் எட்டு வயது மகனும். மூத்த மகன் ரொறன்ரோவில். ஒவ்வொரு ஞாயிறும் மாலை ஆறு மணிக்கு வட்ஸ்அப்பில் அழைப்பார். அங்கே அப்போது காலை எட்டரை. நவம்பரில் கனடாவில் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளியதும் அந்த அழைப்பு இங்கே ஏழு மணிக்கு மாறும், மார்ச்சில் மறுபடி ஆறுக்கு வரும். அம்மாவுக்கு இது மனப்பாடம். அந்த மகன் வியாழக்கிழமை இரவு மாரடைப்பில் இறந்துவிட்டார். சுதாவுக்குத் தெரியும். அம்மாவுக்குச் சொல்லவில்லை. டொக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாம், மாமா வந்த பிறகு சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி ஞாயிறு மாலை வந்துவிட்டது. நாம் எழுத வேண்டியது அந்த மாலையை.

முதலில் நேராகச் சொல்லிப் பார்ப்போம். புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள்:

"சுதாவின் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. தாங்க முடியாத சோகம் அவளைச் சூழ்ந்தது. கண்ணீர் அருவியாகப் பெருகியது. அண்ணா, ஏன் எங்களை விட்டுப் போனீர்கள் என்று அவள் மனம் ஓலமிட்டது."

இது எடுபடாததற்கு, நேராகச் சொன்னதுதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். உணர்ச்சியைச் சொல்லாதே, காட்டு என்ற விதியை உடனே எடுத்து நீட்டுவார்கள். நான் அதை ஏற்கவில்லை. இந்த நான்கு வாக்கியங்களும் எந்தச் சாவுக்கும், எந்த வீட்டுக்கும், எந்த ஊருக்கும் பொருந்தும். அதுதான் இதன் நோய். நேராகச் சொல்வதில் நமக்கு ஒரு பெரிய மரபே இருக்கிறது: ஒப்பாரி. ஒப்பாரி எதையும் ஒளிப்பதில்லை, அடக்குவதுமில்லை. செத்தவரைக் கூப்பிட்டு, முகத்துக்கு நேரே கேட்கிறது. ஆனால் நன்றாக ஒப்பாரி சொல்லத் தெரிந்த ஒரு பெண் "சோகம் என்னைச் சூழ்ந்தது" என்று ஒருபோதும் பாடமாட்டார். நீ கட்டத் தொடங்கிய வீட்டுக்குக் கூரை போடாமல் போனாயே, பெட்டைக்குச் சொன்ன சங்கிலியைச் செய்யாமல் போனாயே என்று அந்த ஆளுக்கு மட்டும் உரிய குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைப்பார். கேட்கிறவர்களுக்குச் செத்தவர் யாரென்று தெரிந்துவிடும். நேராகச் சொல்வதின் பலம் அதில் இருக்கிறது.

இன்னொன்று. அழுகைக்குப் பின்னால் இழப்பு மட்டும்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறோம். தொல்காப்பியத்தில் உணர்ச்சி வெளிப்பாடுகளைப் பேசும் பகுதியான மெய்ப்பாட்டியல், அழுகை பிறப்பதற்கு நான்கு காரணங்களைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவது, இழப்பது, முன்பிருந்த நிலை கெட்டு வருந்துவது, இல்லாமை. ஒரு காட்சியை எழுதுமுன் இந்த நான்கையும் வைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. சுதாவுக்கு இழவு இருக்கிறது, அது எவருக்கும் தெரியும். அதற்கு அடியில் வேறொன்றும் இருக்கலாம்: வெளிநாடு போனவர்கள் போக, இங்கே நின்றவள் தலையில்தான் எல்லா வேலையும் விழுகிறது, அதை யாரும் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை என்ற மனக்குறை. அதைப் பிடித்தால் நேராகவே எழுதலாம்:

"சுதாவுக்கு அண்ணா மேல் கோபம் வந்தது. ஐம்பத்தாறு வயதில் செத்துப்போய், அம்மாவுக்குச் சொல்லும் வேலையையும் என் தலையில் போட்டுவிட்டார் என்று நினைத்தாள். அப்பா செத்தபோதும் அவர் வரவில்லை. அப்போதும் அம்மாவுக்குச் சொன்னது அவள்தான்."

இங்கே உணர்ச்சிக்குப் பெயர் சொல்லியாயிற்று. எதையும் மறைக்கவில்லை. இருந்தும் இது முதல் மாதிரியை விடக் கனமாக இருக்கிறது என்றே நினைக்கிறேன். வாசகர் தானாக ஊகிக்கக்கூடிய சோகத்தைச் சொல்லாமல், ஊகிக்க முடியாத கோபத்தைச் சொன்னதால் வந்த பலன் அது.

அடுத்தது பொருளிலும் செயலிலும் நிற்பது.

"ஐந்தரைக்கே அம்மா போனைச் சார்ஜில் போட்டார். முகம் கழுவி, திருநீறு பூசி, நல்ல சேலைக்கு மாறினார். மேசையில் தண்ணீர்ப் போத்தலில் போனைச் சாய்த்துவைத்தார். பின்னால் சாமிப் படம் தெரிகிற மாதிரி கதிரையை இழுத்துப் போட்டார். ஆறு மணிக்கு, முகம் இருட்டாகத் தெரியும் என்று லைட்டைப் போட்டார். ஆறேகாலுக்குப் போனைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அதே இடத்தில் சாய்த்தார். குசினியில் சுதா அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். மூன்றாம் தண்ணீரும் தெளிந்துவிட்டது. இன்னும் கழுவிக்கொண்டிருந்தாள்."

ஒரு இடத்திலும் சோகம் என்ற பேச்சில்லை. சங்கப் பாடல்களில் கருப்பொருளை வைத்துச் செய்தது இதைத்தான். வயலையும் பறவையையும் சொல்லிவிட்டுத் தலைவியின் மனத்தைச் சொல்லாமல் விடுவார்கள், கேட்பவர் எடுத்துக்கொள்வார். 1919இல் கவிஞர் டி. எஸ். எலியட் ஓர் உணர்ச்சிக்கு ஈடாக நிற்கும் பொருளையும் சூழலையும் கண்டுபிடிக்க வேண்டும் என்று எழுதியபோது மேற்கில் அது புதிய கருத்தாகப் பேசப்பட்டது. நமக்கு அது வீட்டுச் சொத்து.

ஆனால் இந்தப் பத்தியைத் தனியாக எடுத்து, எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். அவர் என்ன வாசிப்பார்? மகனின் அழைப்புக்குக் காத்திருக்கும் ஒரு தாய். நெட்வேர்க் சரியில்லையோ, மகன் மறந்துவிட்டாரோ என்று நினைப்பார். சேலை மாற்றியது, லைட் போட்டது எல்லாம் வெறும் விவரமாகப் போய்விடும். மகன் இறந்துவிட்டார் என்று தெரிந்த வாசகருக்கோ ஒவ்வொரு வரியும் அடிக்கும். பத்தி ஒன்றுதான், சொற்களும் அவைதான். வாசகருக்கு என்ன தெரியும் என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இதுதான். எந்த வழியைத் தேர்வது என்ற கேள்விக்கு விடை, எழுதுகிறவரின் பாணியிலோ சுபாவத்திலோ இல்லை. அந்த நொடியில் வாசகருக்கு இழப்பு ஏற்கனவே தெரியுமா, தெரியாதா? தெரியும் என்றால் வாயை மூடிக்கொண்டு போனையும் போத்தலையும் எழுதலாம். தெரியாது என்றால் நேராகச் சொல்லிவிட வேண்டும். நான் வாசிக்கும் கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கிறது. வாசகருக்கு ஒன்றும் தெரியாத தொடக்கத்தில் பூடகமாக, மௌனமாக எழுதுகிறார்கள். எல்லாம் தெரிந்துவிட்ட முடிவில் கத்துகிறார்கள்.

இதோடு சேர்ந்தது கடைசி வரித் திருப்பம். மேலே உள்ள மாலையைப் பக்கம் பக்கமாக எழுதி, அம்மா காத்திருந்து களைத்துப் படுத்த பிறகு, கடைசி வரியில் "அண்ணன் இறந்து மூன்று நாளாகிறது என்பதை அவள் எப்படிச் சொல்வாள்?" என்று முடிப்பது. கூட்டங்களில் வாசிக்கும்போது இதற்குக் கைதட்டல் கிடைக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கைதட்டல் அதிர்ச்சிக்கு. அம்மா சேலை மாற்றியபோது வாசகருக்கு வந்திருக்க வேண்டிய வலி அந்த நேரத்தில் வரவில்லை. கதை முடிந்த பிறகு திரும்பிப் போய் அதை அனுபவிக்கச் சொல்கிறோம். யார் திரும்பிப் போகிறார்கள்? அதற்குப் பதிலாக முதல் வரியை இப்படி வைத்துப் பாருங்கள்:

"வியாழக்கிழமை இரவு அண்ணா ரொறன்ரோவில் இறந்துபோனார். ஞாயிறு பின்னேரம் வரை அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை."

இரண்டே வாக்கியம், அலங்காரம் எதுவும் இல்லை. இதற்குப் பிறகு அம்மா ஐந்தரைக்குப் போனைச் சார்ஜில் போடும்போது எழுதுகிறவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. நேராகச் சொல்வதும் பொருள்களில் விடுவதும் ஒன்றுக்கொன்று எதிர் என்று நினைத்துச் சண்டை பிடிக்கிறோம். ஒன்று இருந்தால்தான் மற்றது நடக்கும்.

பொருள்களைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். போன், சேலை, அரிசி எல்லாம் அந்த வீட்டில் அந்த நேரத்தில் இருக்கும், அவற்றுக்கு ஒரு வேலை இருக்கிறது. துயரத்துக்கென்றே கொண்டுவந்து வைக்கும் பொருள்கள் உண்டு: அணையும் விளக்கு, கரையும் காகம், வாடிய பூ. கொழும்புக் கதைகளில் கடலும் அப்படி ஆகிவிட்டது. துக்கம் வந்ததும் பாத்திரம் மெரைன் டிரைவுக்கு இறங்கிப் போய் அலைகளைப் பார்க்கும். வெள்ளவத்தையில் குடியிருக்கிறவர்கள் அந்தக் கடலைத் துக்கத்துக்காகப் பார்ப்பது அபூர்வம். அது அவர்களுடைய ஜன்னல் கம்பிகளைத் துருப்பிடிக்க வைக்கும் கடல். கரையோரம் ஓடும் ரயில் போகும்போது போனில் பேசுகிறவர் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார். அந்த நிறுத்தத்தை ஒரு காட்சியில் பயன்படுத்தினால் அலையை விட அது நூறு மடங்கு உதவும்.

சரி, இனி உரையாடல்.

"ஏன் பிள்ளை, அண்ணன் இன்னும் எடுக்கேல்லை?"

"வேலையாக்கும் அம்மா."

"ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை?"

"அங்கை இப்ப ஞாயிறு திங்கள் எண்டு இல்லைத்தானே."

"நான் அப்பவே எடுத்துப் பார்த்தனான். மணி அடிக்குது, ஆள் எடுக்கேல்லை."

"அப்ப நித்திரையாக்கும்."

"ஓமோம். படுக்கட்டும். கிழமை முழுக்க ஓடித் திரியிறவன்."

இந்த வழியின் பலம் கடைசி வரியில் இருக்கிறது. அம்மா சாதாரணமாகத்தான் சொல்கிறார். அவர் சொல்வதற்கும் வாசகர் கேட்பதற்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் கனத்தை உண்டாக்குகிறது. இங்கேயும் அதே நிபந்தனை: வாசகருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பொருள்களை விட உரையாடலில் ஒரு வசதி கூடுதலாக உண்டு. சுதா ஒவ்வொரு பதிலிலும் ஒரு பொய் சொல்கிறாள், அந்தப் பொய் வரிக்கு வரி கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. முதலில் வேலை, அப்புறம் நித்திரை. பொய் வளர்வதால் காட்சி ஓரிடத்தில் நிற்காமல் நகர்கிறது. அரிசி கழுவுவதை எவ்வளவு நேரம் எழுத முடியும்?

உரையாடலில் கதைகள் கெடுவது பேச்சுமொழியில். சாதாரணக் காட்சிகளில் யாழ்ப்பாணப் பேச்சைச் சரியாக எழுதுகிறவர்கள்கூட, அழுகை வந்ததும் சென்னைத் தொலைக்காட்சித் தொடருக்குப் போய்விடுகிறார்கள். "என்னால தாங்க முடியலம்மா, என்னை மன்னிச்சிடும்மா" என்று சுதா பேசினால் அந்த நொடியில் அவள் வெள்ளவத்தையை விட்டுப் போய்விட்டாள். கொட்டாஞ்சேனையில் தலைமுறைகளாக இருக்கும் குடும்பத்தின் பேச்சு வேறு, மலையகத்திலிருந்து வந்து கொழும்புக் கடைகளில் வேலை செய்கிறவர்களின் பேச்சு வேறு, கொழும்பு முஸ்லிம் வீட்டுப் பேச்சு வேறு. துக்கத்தில் மனிதர்கள் தங்கள் வீட்டுப் பேச்சுக்குள் இன்னும் ஆழமாகத்தான் போவார்கள். யாழ்ப்பாணத்துக் கிழவர் ஒருவர் "ஆள் மோசம் போட்டுது" (இறந்துவிட்டார்) என்று சொல்வதில் இருக்கும் கனத்தைச் சினிமாத் தமிழில் எவ்வளவு முயன்றாலும் கொண்டுவர முடியாது.

மற்றது, துக்கத்தில் இருப்பவர்கள் துக்கத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. விசா கிடைக்குமா, செத்தவீட்டை லைவ்வில் எந்த நேரம் போடுவார்கள், வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி போடப் பால்மா இருக்கிறதா என்றுதான் பேசுவார்கள். இந்தப் பேச்சுகளை அலட்சியமாக வெட்டிவிட்டு நேரே அழுகைக்குப் போகிறவர்கள், காட்சியின் பாதிப் பலத்தை வெட்டிவிடுகிறார்கள்.

பிள்ளையின் கண்ணால் பார்ப்பது என்ற வழியை நான் எளிதில் பரிந்துரைக்க மாட்டேன். இந்தச் சம்பவத்தில் அதற்கு இடம் இருக்கிறது. எட்டு வயதுப் பேரனுக்கு விஷயம் தெரியும், அம்மம்மாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். அம்மம்மா அவனைக் கூப்பிட்டு, மாமாவுக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பு ராசா என்கிறார். அவன் பட்டனை அழுத்திப் பேச வேண்டும். இது வலுவான நொடி. ஆனால் அந்தப் பிள்ளை அடுத்த வரியில் பெரியவர்களுக்கே தெரியாத உண்மை ஒன்றைச் சொல்லிவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. பிள்ளை ஞானியானால் காட்சி போச்சு. அவன் மாமாவுக்கு என்ன சொல்வான்? கிரிக்கெட் மேட்ச் பற்றிச் சொல்வான். அதோடு நிறுத்தத் தெரிந்தால் மட்டும் இந்த வழியைத் தொடலாம்.

கடைசியாக உள்ளதுதான் இலங்கைத் தமிழருக்கு மட்டும் கைகூடும் வழி என்று எனக்குப் படுகிறது: மரண அறிவித்தல். 1930இல் தொடங்கிய வீரகேசரி முதல் இன்றைய இணையப் பக்கங்கள் வரை, அதற்கு நடுவில் வானொலியில் காலங்காலமாக வாசிக்கப்பட்டதிலும், இந்த வடிவம் பெரிதாக மாறவில்லை. நம் அம்மாமார் பேப்பரை விரித்ததும் முதலில் பார்ப்பதும் இந்தப் பக்கத்தைத்தான். கதைக்குள் அதை அப்படியே வைக்கலாம்:

"அளவெட்டியைப் பிறப்பிடமாகவும், கொழும்பு வெள்ளவத்தையை வசிப்பிடமாகவும், கனடா ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட சிவபாலன் அவர்கள் வியாழக்கிழமை இறைவனடி சேர்ந்தார். அன்னார் காலஞ்சென்ற கதிரவேலு, மனோன்மணி ஆகியோரின் அன்பு மகனும், சுதாவின் பாசமிகு சகோதரனும், ஆரூரனின் அன்பு மாமாவும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: குடும்பத்தினர்."

இந்தச் சொற்களில் யாரும் உணர்ச்சியைத் தேடுவதில்லை. அன்பு, பாசமிகு எல்லாம் அச்சுக்கூடத்துச் சொற்களாகத் தேய்ந்துவிட்டன. ஆனால் முதல் வாக்கியத்தைக் கவனியுங்கள். பிறந்த ஊர் ஒன்று, வாழ்ந்த ஊர் ஒன்று, கடைசியாக இருந்த ஊர் ஒன்று. ஒரு குடும்பம் ஏன் அளவெட்டியிலிருந்து கொழும்புக்கு வந்தது, ஏன் அந்தப் பிள்ளை கொழும்பிலும் நிற்க முடியாமல் கனடா போனது என்ற முழு வரலாறும் அந்த மூன்று ஊர்ப்பெயர்களில் கிடக்கிறது. எழுத்தாளர் ஒருவர் இதை விளக்கத் தொடங்கினால் இரண்டு பக்கம் பிடிக்கும், கட்டுரை வாடையும் அடிக்கும். அப்புறம் இரண்டாவது வாக்கியம். "காலஞ்சென்ற" என்பது அப்பாவோடு நின்றுவிட, அதற்கு அடுத்ததாக உயிரோடிருக்கும் அம்மாவின் பெயர். அவர் இந்தப் பக்கத்தைத் தினமும் வாசிக்கிறவர். அந்தப் பேப்பரைத்தான் சுதா ஒளித்துவைத்திருக்கிறாள்.

வாசகரை உருக்க வேண்டுமென்றால் இன்னும் குளிர்ச்சியாக எழுதப் பாருங்கள் என்று ரஷ்யச் சிறுகதை ஆசிரியர் அந்தோன் செகாவ் 1892இல் ஓர் எழுத்தாளருக்குக் கடிதத்தில் சொன்னார். மரண அறிவித்தல் அந்தக் குளிர்ச்சியின் எல்லை. அதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. சிவபாலனோடு நமக்கு முன்பே பழக்கம் இருந்தால்தான் அது வேலை செய்யும். கதையின் தொடக்கத்தில், எந்தப் பாத்திரத்தையும் அறியாத நிலையில் வைத்தால், பேப்பரில் நாம் தள்ளிக்கொண்டு போகும் மற்ற அறிவித்தல்களில் ஒன்றாகிவிடும்.

வாசகருக்கு என்ன தெரியும் என்ற இந்தச் சோதனை வீட்டுச் சாவுகளை விடப் பெரிய சம்பவங்களில் இன்னும் கடுமையாகிறது. தமிழர்களுக்கு எதிரான வன்முறை நடந்த 1983 ஜூலையை எழுதுகிறவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் அந்த நாட்களைக் கண்ட ஒருவருக்கு "வாக்காளர் பட்டியலோடு வந்தார்கள்" என்ற ஒரு வரி போதும். தமிழ் வீடுகளைத் தேடித் தேடி வந்த கூட்டமும், அடுத்து நடந்ததும் அவர் கண்முன் வந்துவிடும். அவருக்கு எரிப்பையும் வெட்டையும் விவரித்தால் அது தேவையில்லாத கொடுமை. ஆனால் 2000க்குப் பிறகு பிறந்த ஒருவருக்கோ, மதுரையில் இருந்து வாசிப்பவருக்கோ அந்த வரி ஒன்றுமில்லை. ஜூலை 23 இரவு திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள் என்று எழுதினால், தமிழ்நாட்டு வாசகர் தாமிரபரணிக் கரையை நினைப்பார். அது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி என்றும், மறுநாள் அந்த உடல்களை அடக்கம் செய்யவிருந்த கொழும்பின் பொறளைக் கனத்தை மயானத்தில் கூடிய கூட்டத்திலிருந்து வன்முறை நகரம் முழுக்கப் பரவியது என்றும் தெளிவாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் கலை கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு என் பதில்: நேரான இரண்டு வாக்கியங்களில் ஒரே தடவையாகச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு ஒரு குடும்பம் பக்கத்து வீட்டுச் சிங்களவரின் அறையில் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எழுதினால் போதும். 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்ததை எழுதுகிறவர்களுக்கு இன்றைக்கு இந்தச் சிக்கல் குறைவு, கொழும்பில் தெரியாதவர் இல்லை. இருபது வருடம் கழித்து வாசிக்கப்போகிறவரையும் யோசிக்க வேண்டும்.

சரி, இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் எதைத் தேர்வேன்? மரணத்தை முதல் வரியில் நேராகச் சொல்வேன். அப்புறம் அம்மாவின் ஆயத்தங்களைப் பொருள்களாலும் செயலாலும் எழுதுவேன், ஒரு விளக்கமும் இல்லாமல். மேலே உள்ள உரையாடலை அதற்குப் பிறகு வைப்பேன். "படுக்கட்டும், கிழமை முழுக்க ஓடித் திரியிறவன்" என்ற வரிக்குப் பிறகு "சுதாவின் கண்கள் கலங்கின" என்று எழுதக் கை போகும். அதை எழுதவே மாட்டேன். கனமான வரி ஒன்றுக்குப் பின்னால் அதை விளக்க வரும் வரியைத் தேடி வெட்டுவதுதான் இரண்டாம் வரைவின் முதல் வேலை. அந்த இடத்தில் சுதாவின் கோபத்தைச் சொல்லும் நேரான பத்தி வரும். கோபம் வாசகருக்குத் தெரியாதது, அதனால் சொல்ல வேண்டியது. பேரனை விட்டுவிடுவேன், வொய்ஸ் மெசேஜ் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒரு காட்சியில் இரண்டு பேர் பொய்யைச் சுமந்தால் இருவருடைய சுமையும் பாதியாகும். மரண அறிவித்தலை முழுதாகக் கொடுக்காமல், சுதா பேப்பரை மடித்து மெத்தைக்கு அடியில் செருகும்போது "அளவெட்டியைப் பிறப்பிடமாகவும்" என்ற முதல் வரியை மட்டும் அவள் கண்ணில் படவிடுவேன்.

அம்மாவுக்குச் சொல்லும் காட்சியைப் பற்றியும் முடிவெடுக்க வேண்டும். அதை எழுதாமல் விட்டுவிடுவது நயம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாசகரை இவ்வளவு தூரம் காக்கவைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது நியாயமில்லை. ஆனால் அதை அதே மாலையில் வைக்க மாட்டேன். காத்திருப்பும் சொல்வதும் ஒரே காட்சியில் இருந்தால் ஒன்றையொன்று நசுக்கும். திங்கள் காலை, மாமா வந்த பிறகு, டொக்டர் சொன்ன குளிசையைக் கொடுத்த பிறகு வைப்பேன். அங்கே பொருள்களுக்கு வேலையில்லை, பூடகத்துக்கும் வேலையில்லை. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, அதனால் அவரிடம் நேராகச் சொல்ல வேண்டும், வாசகருக்கும் அதை நேராகவே கொடுக்க வேண்டும். யார் சொன்னார், என்ன சொல்லால் சொன்னார், அம்மா முதலில் என்ன கேட்டார் என்ற மூன்றை மட்டும் எழுதுவேன். அம்மா அழுவதை எழுதுவதா என்பதை அந்த முதல் கேள்வியை எழுதி முடித்த பிறகு தீர்மானிப்பேன். அந்தக் கேள்வி சரியாக விழுந்தால் அழுகைக்கு ஒரு வரிக்கு மேல் தேவைப்படாது.